ஆஹோ துரையின் வேர்வை ரூம்பு

வேர்வை ரூம்புக்குள் நுழைந்த பக்கத்துத் தெரு சிநேகிதி ரோசம்மா, நுழைந்த வேகத்திலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"அமலம்! உள்ள என்னடி செத்துக் கெடக்கு?"

"ஒண்ணும் சாகலையே. ஏன்?"

"ஒனக்கு மூக்கு இருக்கா, இல்ல சும்மா மூக்குத்தி மாட்டத்தான் வச்சிருக்கியா? பாசார்ல மீன்காரன் எந்திரிச்சுப் போன எடம் மாதிரி நாறுது!"

அமலம்மாள் உள்ளே போய் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பலகை வாசனை, சாம்பல் வாசனை, அவ்வளவுதான். வெளியே வந்து அப்படியே சொன்னாள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்? நாலு வருசமா கருவாட்டோட கருவாடா நீயும் உள்ள போயி வந்துக்கிட்டு இருக்க. சனிக்கெழம துரை விருந்தாளியக் கூட்டிக்கிட்டு வர்றாரு. வந்து இந்தக் கதவத் தொறந்தாருன்னா, ஒன் மக கல்யாணத்துக்கு இந்தத் தோட்டத்துல பந்தல் இல்ல. ஒனக்கு இந்த வீட்டுல வேலையும் இல்ல. ரெண்டு பேரும் பொட்டியத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்குத்தான் வரணும். எங்க வீட்டுலயும் எடம் இல்ல."

அமலம்மாள் அவள் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பினாங்கின் புலாவ் தீக்குசில் கடலைப் பார்த்தபடி நின்ற அந்த பங்களாவில் அவள்தான் சமையல், அவள்தான் வீட்டுச் சாவி, எல்லாம். பங்களாக்காரர் கப்பல் கம்பெனி துரை. வெள்ளைக்காரர்தான், ஆனால் இங்கிலீஷ்காரர் இல்லை. பின்லாந்து என்று எங்கேயோ பனி கொட்டுகிற தேசம். பெயர் ஆஹோ. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு, "தொரை பேரு என்ன?" என்று அமலம்மாள் டிரைவர் மைக்கேலைக் கேட்டாள். "ஆஹோ" என்றான். "பேரக் கேட்டா சொல்லேன்யா, எதுக்கு ஆச்சரியப்படுற?" என்று அவள் கோபித்துக்கொண்ட கதையை மைக்கேல் இன்னும் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

பினாங்கு வெயிலில் சும்மா நின்றாலே ரவிக்கை நனைந்துவிடும். அந்த ஊரில் ஒரு மனுசன் வீட்டுக்குப் பின்னால் முழுக்க மரத்தாலேயே ஓர் அறை கட்டி, அதில் ஓர் இரும்பு அடுப்பை வைத்து, அடுப்பின் தலையில் உருண்டை உருண்டையாகக் கருங்கல்லைக் குவித்து, கல் பழுக்கக் காய்ந்ததும் அதன்மேல் அகப்பையால் தண்ணீர் ஊற்றி, குப்பென்று கிளம்புகிற ஆவியில் இடுப்புத் துண்டோடு உட்கார்ந்து, வேண்டும் என்றே வேர்ப்பார் என்றால் யார் நம்புவார்கள்? அமலம்மாளும் நம்பவில்லை. முதல் நாள் துரை வெந்த இறால் மாதிரி சிவந்துபோய் வெளியே வந்ததைப் பார்த்து, காய்ச்சல் என்று நினைத்து வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டிவிட்டாள். துரை, "வெரி குட்! வெரி குட்!" என்று கைதட்டினார். அன்றிலிருந்து அதுவும் அவள் வேலையாகிவிட்டது.

அந்த அடுப்பும் கல்லும் துரையின் அம்மா வீட்டிலிருந்து வந்தவை. அந்த அம்மா இறந்தபிறகு, வைக்கோல் சுற்றி, மரப்பெட்டியில் போட்டு, கப்பலில் கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்த அன்றைக்கு ஒவ்வொரு கல்லையும் முட்டை எடுப்பதுபோல் எடுத்து வைத்தார். பிறகு மைக்கேலைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு, இங்கிலீஷில் சட்டமும் போட்டார். மைக்கேல் அதைத் தமிழில் சொன்னான்.

"அக்கா, நல்லாக் கேட்டுக்குங்க. மாசா மாசம் கல்லெல்லாம் கீழ எறக்கணும். வெடிச்ச கல்லு இருந்தா தனியா வைக்கணும். தேங்கா நாரு போட்டுத் தேச்சு, வெறும் தண்ணில அலசணும். சாம்பல வாரணும். பொகக் கொழாயில கரி அடைக்காமப் பாக்கணும். திருப்பி அடுக்குறப்போ பெரிய கல்லு அடியில, சின்னது மேல, நடுவுல காத்து போவணும். சவுக்காரம் மட்டும் கிட்டயே வரக்கூடாதாம்."

அமலம்மாள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். ஆனால் சாம்பலை மட்டும்தான் வாரினாள். அதுவும் பாத்திரம் விளக்கச் சாம்பல் வேண்டும் என்பதால். மற்றபடி, கல்லைக் கழுவுவதா? கல் என்ன சோறா தின்கிறது, எச்சில் பட? இரும்பு அடுப்பின் தலையில் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அதோடு நின்றிருந்தால் ஒரு வம்பும் இல்லை. பினாங்கில் மழை பிடித்தால் லேசில் விடாது. வெயிலில் காயப்போட்ட மீன் புழுத்துப்போகும். துரையோ மேடானுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஏறி ஏறிப் போய்வருகிற மனுசர். அவர் இல்லாத நாளில் அந்த ரூம்பு சும்மாதான் கிடக்கிறது. ஒரு மழைநாளில் அமலம்மாள் கானாங்கெளுத்தியைக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, ரூம்புக்குள் கயிறு கட்டி, அடுப்புக்கு நேர் மேலே தொங்கவிட்டாள். நாலு கட்டை விறகைப் போட்டு, அனல் மட்டும் இருக்கிற மாதிரி வைத்தாள். மறுநாள் பார்த்தால், வெயிலில் காய்ந்ததைவிட அருமையான கருவாடு! லேசாகப் புகை பிடித்து, பொன்நிறமாக. மாதா கோயிலுக்கு வருகிற பெண்களெல்லாம் பூசை முடிந்ததும் சாமியாரைப் பார்க்கிறார்களோ இல்லையோ, அமலம்மாளைப் பார்த்து, "அக்கா, கருவாடு இருக்கா?" என்று கேட்டார்கள். அப்படியே நாலு வருசம் ஓடியது. மீனிலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கல்லில் விழுந்துகொண்டே இருந்தது.

துரைக்கு ஒன்றும் தெரியவில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஊரிலிருந்து வந்தால் சாப்பாட்டைக்கூடக் கேட்கமாட்டார். நேரே வேர்வை ரூம்புக்குத்தான். வெகுநேரம் கழித்துக் கண்கள் சிவந்து வெளியே வருவார். யாரோடும் பேசமாட்டார். "பாவம், பொக கண்ணுல பட்டுருச்சு" என்று அமலம்மாள் மோர் கலந்து கொடுப்பாள்.

இந்தத் தடவை கிளம்பும்போது துரை மோட்டார் காடியில் ஏறியவர், திரும்ப இறங்கி, கதவைப் பிடித்து நின்ற மைக்கேலிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

"அக்கா, சனிக்கெழம தொரையோட ஊருக்காரங்க ரெண்டு பேரு வர்றாங்களாம், புருசன் பொண்டாட்டி. வேர்வ ரூம்பக் காட்டத்தான் கூட்டிக்கிட்டு வர்றாராம். ரூம்ப பத்தரமாப் பாத்துக்கச் சொன்னாரு."

இப்போது ரோசம்மா என்னடாவென்றால் நாறுகிறது என்கிறாள்.

அமலம்மாளின் மகள் ரீத்தாவுக்கு மாப்பிள்ளை வில்லியம், புக்கிட் மெர்தாஜாம் பக்கம். புருசன் செபாஸ்டியன் போய்ச் சேர்ந்தபிறகு அமலம்மாள் ஒற்றை ஆளாக வளர்த்த மகள். கல்யாண விருந்துக்கு எங்கே பந்தல் போடுவது என்று அவள் தவித்தபோது, துரைதான், "என் தோட்டத்தில் போட்டுக்கொள்" என்றார். சம்பந்தியம்மா இந்தச் செய்தியைப் புக்கிட் மெர்தாஜாம் முழுக்கப் பரப்பியாகிவிட்டது. அவர்கள் சொல்லிச் சொல்லி, பங்களாவே அமலம்மாளுடையது என்று அங்கே பேச்சு.

"இப்ப என்னடி பண்றது, ரோசம்மா?"

"மொதல்ல அந்தக் கருவாட்ட அப்புறப்படுத்து. கூடையோட குடு. நான் கொண்டு போயி கடல்ல கொட்டிர்றேன்."

"அவ்வளவுமா?"

"நாத்தம் போகணுமா, வேணாமா?"

கூடை போனது. போகும்போது ரோசம்மா கடல் இருக்கிற பக்கம் திரும்பாமல் வீடு இருக்கிற பக்கம் திரும்பினாள். ஆனால் அமலம்மாளுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. அவள் கல்லை இறக்கிக்கொண்டிருந்தாள்.

கருங்கல் எதற்கு மசியும்? பித்தளைக் குடம் எதற்கு மசியுமோ அதற்குத்தான் என்று அவள் முடிவு செய்தாள். புளியைக் கரைத்து, சாம்பலைச் சேர்த்து, ஒவ்வொரு கல்லாகத் தேய்த்தாள். அடுப்பின் இரும்பையும் விடவில்லை. எல்லாவற்றையும் திரும்ப அடுக்கிவிட்டு, தோட்டக்காரர் யூசுப்பைக் கூப்பிட்டாள். யூசுப் மலாய்க்காரர், வயதானவர், இந்தத் தெருவிலேயே வேலை பார்த்துப் பார்த்து முக்கால் தமிழர். விறகு பிளப்பதும் அடுப்பு மூட்டுவதும் அவர் பொறுப்பு.

"யூசுப்பு, நல்லாத் தீ போடு. கல்லு காயட்டும்."

யூசுப் தீயைப் போட்டுவிட்டு வாழைக்குப் பாத்தி கட்டப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். கையில் ஒரு தட்டு.

"என்ன யூசுப்பு?"

"கறி ரெடியா, அக்கா?"

"என்ன கறி?"

"மீன் கறிலா! மணக்குதே. எனக்குக் கொஞ்சம் சோறு போடுங்க."

அமலம்மாள் ரூம்புக் கதவைத் திறந்தாள். நாலு வருசத்து மீன் எண்ணெய், புளி, நல்ல சூடு. மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும்? ஊரே வந்து இலை போட்டு உட்காரலாம் போல ஒரு மீன் குழம்பு வாசனை. மூக்கே இல்லாத அமலம்மாளுக்குக்கூட அது தெரிந்தது.

மறுநாள் காலையிலேயே ரோசம்மா வந்தாள். "புளி போட்டியா? அறிவு இருக்கா ஒனக்கு? சவுக்காரம் போடுடி!"

"சவுக்காரம் கூடாதுன்னு தொரை சொல்லியிருக்காரு."

"தொரை கருவாடு போடச் சொன்னாரா?"

அமலம்மாள் உள்ளே போனாள். சலவைக்கு வாங்கி வைத்திருந்த சவுக்காரக் கட்டிகளை எடுத்து, கல், அடுப்பு, பலகை, பெஞ்சு எல்லாவற்றுக்கும் தேய்த்தாள். கல் என்றால் வழவழவென்று பார்க்கத்தான் கல். உள்ளே பொடிப்பொடியாக ஓட்டை. சவுக்காரம் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அலசினாள், அலசினாள், கை ஓய்ந்ததும் அடுக்கினாள். மறுபடியும் தீ. கல் காய்ந்ததா என்று பார்க்க, துரை செய்வதுபோலவே ஓர் அகப்பைத் தண்ணீரை எடுத்து ஊற்றினாள்.

கல் பொங்கியது.

அப்படித்தான் சொல்லவேண்டும். உலைப்பானை பொங்குவதுபோல் பொங்கியது. நுரை அடுப்பிலிருந்து வழிந்து, தரையில் பரவி, படிக்கட்டில் இறங்கி, துரையின் ரோஜாப் பாத்திக்குள் போனது. கோழி ஒன்று நுரைக்குள் நுழைந்து மறுபக்கம் வெள்ளை வாத்தாக வெளியே வந்தது.

"நுரைய அணைடி!" என்று ரோசம்மா கத்தினாள்.

"எப்படி அணைக்கிறது?"

"தண்ணி ஊத்து!"

ஊற்றினாள். பிறகு என்ன நடந்தது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ரோசம்மா வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றவேண்டியதாயிற்று.

நுரை அடங்கியபிறகு மைக்கேல் வந்து மோந்து பார்த்தான். காக்கித் தொப்பியைக் கழற்றிவிட்டு, இன்னொரு தரமும் மோந்து பார்த்தான்.

"மீன் நாத்தம் போயிருச்சா, தம்பி?"

"போவலக்கா. டோபி வீட்டுல மீன் கொழம்பு வச்ச மாதிரி இருக்கு."

"ஐயோ, என் மாதாவே!"

"அழுவாதீங்க. காடியில ஏறுங்க. சூலியா தெருவுல இப்ராஹிம் பாய் கடைக்குப் போவோம். அவருகிட்ட இல்லாத வாசன இல்ல."

இப்ராஹிம் பாயின் கடையில் அத்தரும் ஊதுவத்தியும் மருந்துச் சரக்கும் கூரைவரை இருந்தன. அமலம்மாள் முக்காடு போட்டுக்கொண்டு, குரலைத் தணித்துக் கேட்டாள்.

"பாய், ஒரு ரூம்புல கொஞ்சம் நாத்தம். அது போகணும்."

"என்ன நாத்தம்?"

"சும்மா... ஒரு மாதிரி."

பாய் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டுல யாராச்சும் மவுத்தா?"

"சேச்சே! கருவாடு, பாய்."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? நான் பயந்தே போயிட்டேன். இந்தா, சுமத்ரா சாம்பிராணி. இதுக்கு அடங்காத நாத்தமே கெடையாது."

"எவ்வளவு போடணும்?"

"நாத்தம் எவ்வளவோ, அவ்வளவு."

அமலம்மாள் வீட்டுக்கு வந்து, தன் நாற்றத்தை நியாயமாக எடைபோட்டுப் பார்த்து, பொட்டலம் முழுவதையும் சூடான கல்லின்மேல் கொட்டினாள்.

பெருநாள் பூசையில்கூட அப்படி ஒரு புகையைப் புலாவ் தீக்குஸ் கண்டதில்லை. கதவு இடுக்கிலும் பலகை இடுக்கிலும் வெள்ளைப் புகை சுருண்டு சுருண்டு வந்தது. தெருவில் போன ரிக்ஷாக்காரர் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வாழைப் பாத்தியில் இருந்த யூசுப் மண்வெட்டியைக் கீழே போட்டார். முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா! உள்ள பேயா?"

"பேயுமில்ல, ஒண்ணுமில்ல. நீ தீயக் கொஞ்சம் குறை."

"எங்க கம்போங் கிராமத்துல சாம்பிராணி இப்படிப் பொகைஞ்சா பேய் ஓட்டுறாங்கன்னு அர்த்தம். ரெண்டு நாளா நானும் பாக்குறேன். நீங்க உள்ளயே நின்னு பொலம்புறீங்க, கல்லக் கீழ எறக்குறீங்க, மேல ஏத்துறீங்க. மீன் இல்லாம மீன் கறி மணக்குது. கோழி வாத்தாயிருச்சு. இது பேய் இல்லாம வேற என்ன?"

"யூசுப்பு, நான் சொல்றதக் கேளு..."

"நான் உள்ள வரமாட்டேன், அக்கா. வெறகும் பொளக்க மாட்டேன். பேய் போனப்புறம் கூப்பிடுங்க." சொல்லிவிட்டு ஏதோ ஓதிக்கொண்டே தோட்டத்தின் கடைசிக்குப் போய், கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

புகை அடங்கி உள்ளே போய்ப் பார்த்தால், நிலைமை இன்னும் மோசம். சாம்பிராணி உருகி வெல்லப்பாகு மாதிரி கல்லில் ஓடி, கல்லோடு கல் ஒட்டி, ஒரே பாறையாக உட்கார்ந்திருந்தது. வாசனையோ, மீன் குழம்பு தின்றுவிட்டு டோபி நேராகக் கோயிலுக்கு வந்ததுபோல் இருந்தது.

அமலம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். "ரீத்தாவக் கட்டிக் குடுக்க இந்த ஒரு பந்தலத்தான் நம்பியிருந்தேன். அவங்கம்மா கல்லுன்னு கண்ணுல வச்சிருந்தாரே அந்த மனுசன்! சம்பந்தி மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

மைக்கேலுக்கு மனசு இளகிவிட்டது. "அழுவாதீங்கக்கா. கல்லுக்கு என்ன பேரா எழுதியிருக்கு? தஞ்சோங் பூங்கா பக்கம் கடக்கரை பூரா இதே மாதிரி உருண்டக் கல்லு. நான் கொண்டாந்து அடுக்குறேன். தொரைக்குத் தெரியாது."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா அப்புறம் பாத்துக்கலாம்லா."

சொன்னபடியே துரையின் காடியில் கடற்கரைக் கல்லை ஏற்றிக்கொண்டு வந்தான். அலையில் கிடந்த கல், ஈரம் சொட்டச் சொட்ட. பழைய கல்லைக் கடப்பாரையால் பெயர்த்துப் பின்பக்கம் குவித்துவிட்டு, புதியதை அழகாக அடுக்கினான். யூசுப் வராததால் விறகும் அவனே பிளந்தான். வெள்ளைச் சட்டையின் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, தீயை நன்றாகவே போட்டான்.

"பாத்தீங்களா? நாத்தமே இல்ல."

"ஆமாப்பா! நல்லா இருப்ப நீ!"

"ஒரு கல்லு மட்டும் என்னமோ முனகுது..."

டமார்!

முதல் கல் வெடித்துக் கூரையில் பட்டது. இரண்டாவது வெடித்துப் புகைக் குழாயில் பட்டது. நாலு வருசமாக யாரும் கரி எடுக்காத குழாய். அது இரண்டாகப் பிரிந்து, உள்ளே இருந்த கரியை மொத்தமாக மைக்கேலின் தலையில் இறக்கியது. அமலம்மாள் கதவுக்கு வெளியே உருண்டாள். அவளுக்குப் பின்னாலேயே, உச்சி முதல் உள்ளங்கால் வரை கன்னங்கரேலென்று, பல் மட்டும் வெள்ளையாக, "ஆ!" என்று அலறிக்கொண்டு மைக்கேல் ஓடிவந்தான். உடம்பின் சூடு தாங்காமல் நேராகத் தோட்டத்தைத் தாண்டி, யூசுப்பைத் தாண்டி, கடலில் விழுந்தான்.

யூசுப் மெதுவாக எழுந்து வந்தார். முகம் தெளிந்திருந்தது.

"போயிருச்சு, அக்கா."

"என்ன போயிருச்சு?"

"பேய். நான் கண்ணாலயே பாத்தேன். கடலுக்குள்ள போயிருச்சு. இனி பயமில்ல." கோடரியை எடுத்துக்கொண்டு விறகு பிளக்கப் போனார்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மறுநாள் துரை.

அமலம்மாள் சேலையை வரிந்து கட்டினாள். இனிப் புதிதாக எதையும் யோசிக்கக்கூடாது என்று முடிவு செய்தாள். நாலு வருசத்துக்கு முன்னால் துரை சொன்ன சட்டத்தை மைக்கேலை மறுபடி ஒரு தரம் சொல்லச் சொல்லி, அப்படியே செய்தாள். பழைய கல்லையெல்லாம் கடற்கரையில் குவித்து, யூசுப் பெரிய நெருப்பாக மூட்டினார். சாம்பிராணி, சவுக்காரம், புளி, எண்ணெய் எல்லாம் எரிந்து கல் வெளுத்தது. ஆறியபிறகு தேங்காய் நார் போட்டுத் தேய்த்து, வெறும் தண்ணீரில் அலசினாள். சாம்பலை வாரினாள். மைக்கேல் குழாயில் மூங்கிலை விட்டுக் கரியெல்லாம் இழுத்துப்போட்டு, திரும்பச் சேர்த்து மாட்டினான். பலகையை அங்குலம் அங்குலமாகத் தேய்த்தார்கள். பெரிய கல் அடியில், சின்னது மேலே, நடுவில் காற்று.

சனிக்கிழமை காலை ரோசம்மா வந்து உள்ளே போனாள். மூக்கைப் பொத்தாமல் வெளியே வந்தாள்.

"அடியாத்தா! பச்சப் புள்ள மாதிரி மணக்குதுடி!"

"நெசமா?"

"மாதா மேல ஆணையா."

"ஆமா, ஒங் கையில என்ன கருவாட்டு வாசன?" நாலு வருசத்துக்குப் பிறகு அமலம்மாளின் மூக்கு வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. "கடல்ல கொட்டுனியா, இல்லையா?"

"கொட்டுனேன், கொட்டுனேன். கை கழுவத்தான் மறந்துட்டேன்" என்று ரோசம்மா அவசர வேலையாக வீட்டுக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் காடி வந்தது. துரைக்கு முகமெல்லாம் சிரிப்பு. கூட வந்த புருசனும் பொண்டாட்டியும் உயரமாக, வெள்ளையாக, சிரிப்பே இல்லாமல் இருந்தார்கள். துரை சாப்பாட்டைக் கேட்கவில்லை. இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். யூசுப் கல்லைப் பழுக்கக் காயவைத்திருந்தார்.

அமலம்மாள் சமையற்கட்டுக் கதவின் பின்னால் ஜெபமாலையோடு நின்றாள். உள்ளே சொய்ங் என்று தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. மறுபடியும் சொய்ங். பிறகு ஒன்றுமில்லை.

கதவு திறந்தது. வழக்கமாக வெகுநேரம் கழித்து வருகிற துரை, போன வேகத்திலேயே வந்துவிட்டார். சிரிப்பைக் காணோம். படியில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். ஊர்க்காரர் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அந்தப் பெண்மணி கைக்குட்டையை நீட்டினாள்.

 மைக்கேல் ஓடிவந்தான்.

"அக்கா, அடுப்புல கை வச்சது யாருன்னு தொரை கேக்குறாரு. கொரலே சரியில்ல."

"போச்சு! நாறுதாமா?"

"அதெல்லாம் சொல்லல. வாங்க."

அமலம்மாள் போனாள். துரையின் முன்னால் நின்றதும் அவளுக்குத் தாங்கவில்லை. கேட்காமலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கருவாடு தொங்கவிட்டது, எண்ணெய் சொட்டியது, புளி, சவுக்காரம், சாம்பிராணி, கடப்பாரை, வெடித்த கல், ஒன்றையும் விடவில்லை. மைக்கேல் பக்கத்தில் நின்று இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, துரையின் வாய் திறந்தது, மூடவே இல்லை.

"நாலு வருசமா தொங்கவிட்டுட்டேன், தொரை. இனிமே சத்தியமா ஒரு நெத்திலி கூட உள்ள போகாது. என்னய வேணா அனுப்பிருங்க. எம் மவ கல்யாணத்த மட்டும் நிறுத்திராதீங்க!"

துரை கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பி, அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். சிரிப்பே இல்லாத அந்த இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். துரை மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைக்கேலைக் கிட்டே கூப்பிட்டு மெதுவாகப் பேசினார். கையைத் தோட்டத்துப் பக்கம் காட்டினார், கூரையைக் காட்டினார், அமலம்மாளைக் காட்டினார்.

மைக்கேல் திரும்பி வந்தபோது அவன் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"என்னப்பா சொல்றாரு? பந்தல் உண்டா, இல்லையா?"

"அக்கா, அவங்கம்மா வேர்வ ரூம்புலதான் மீனத் தொங்கவிட்டுப் பொக போடுவாங்களாம், அந்த வாசன இன்னும் கல்ல விட்டுப் போகலன்னு நெனச்சு நாலு வருசமா உள்ள ஒக்காந்து அழுதுக்கிட்டு இருந்தாராம், இப்ப நாளைக்கே பாசார் போயி மீன் வாங்கியாந்து மறுபடி கட்டணுமாம், அந்த நாத்தம் வந்தப்புறம்தான் பந்தக்காலாம்."